லேசான குண்டுக்கு எந்தப் பவுடர்? கைத்துப்பாக்கித் தோட்டா மறுநிரப்பல் பற்றி ஓர் எளிய விளக்கம்

கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மறுநிரப்பக் கற்கத் தொடங்கும் ஒருவர், பவுடர் நிறுவனம் வெளியிட்ட அளவுப் பட்டியலை முதன்முதலாகப் பிரித்துப் பார்க்கும்போது, அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான ஒன்றைக் காண்பார். 9 எம்எம் லூகர் என்ற தோட்டா வகைக்கான பகுதியில் 115 கிரெயின் எடையுள்ள குண்டுக்கும் 147 கிரெயின் எடையுள்ள குண்டுக்கும் ஒரே பவுடரின் அளவுகள் தரப்பட்டிருக்கும். அவற்றில் லேசான குண்டுக்குத்தான் கூடுதல் பவுடர் குறிக்கப்பட்டிருக்கும். கனமானதைத் தள்ளத்தானே அதிக விசை வேண்டும், லேசானதற்கு ஏன் கூடுதல் பவுடர் என்ற ஐயம் எழுவது இயல்பே. இந்த ஐயத்துக்கான விடை தெளிந்துவிட்டால், லேசான குண்டுக்கு எந்தப் பவுடரைத் தேர்ந்தெடுப்பது என்ற பெரிய கேள்வியும் பாதிக்கு மேல் தெளிந்துவிடும். தெளியாமல் மேலே போகிறவருக்கு மறுநிரப்பல் ஆபத்தான வேலையாகவே இருக்கும்.

ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பொருந்தித் தீப்பொறி விடும் பிரைமர், உள்ளே எரிந்து குண்டைத் தள்ளும் பவுடர், வாயில் செருகிய குண்டு என்று நான்கு உறுப்புகள் உண்டு. சுட்டு முடித்ததும் மற்ற மூன்றும் செலவாகிவிட, கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டை உரிய அளவுக்குத் திரும்ப அமுக்கி, புதிய பிரைமரும் பவுடரும் குண்டும் இட்டு மறுபடியும் தோட்டாவாக்குவதே மறுநிரப்பல். அமெரிக்காவில் இலக்குப் பயிற்சியிலும் போட்டியிலும் ஈடுபடுகிற பலருக்கு இது நெடுநாள் பழக்கம். சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்துகொள்ள அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தயாரித்தால் தேவை. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இந்தக் கட்டுரை அமெரிக்கச் சூழலை வைத்தே பேசுகிறது. பவுடர் அளவு எதையும் இது பரிந்துரைக்கவில்லை. பவுடர் நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் நடப்புப் பட்டியல்களில் மட்டுமே அந்த அளவுகளைத் தேட வேண்டும்.

அலகுகளைப் பற்றி ஒரு சொல். பவுடரையும் குண்டையும் கிரெயின் என்ற அலகில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெயின். 115 கிரெயின் குண்டு சுமார் 7.5 கிராம், 147 கிரெயின் குண்டு சுமார் 9.5 கிராம். எது லேசான குண்டு என்பது தோட்டாவின் வகையைப் பொறுத்தது. 9 எம்எம்மில் 115, 124, 147 ஆகியவை வழக்கமான எடைகள் என்பதால், 115உம் அதற்குக் கீழே 100, 95, 90 ஆகியவையும் லேசானவை. .45 ஏசிபியின் இயல்பான எடை 230 கிரெயின். அதில் 200உம் 185உம் லேசானவை. .38 ஸ்பெஷலுக்கு 158 கிரெயின் இயல்பு, 125உம் 110உம் லேசு.

கூட்டுக்குள் நடப்பது

பிரைமர் தீப்பொறி விட்டதும் பவுடர் எரியத் தொடங்கி வாயுவாக மாறுகிறது. கூட்டின் சுவர்களும் குண்டின் அடிப்பகுதியும் அடைத்திருக்கும் அந்தச் சிறிய இடத்தில் அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. இன்றைய தோட்டாக்களில் இடும் புகையில்லாப் பவுடரின் முக்கியமான இயல்பு இங்கேதான் வெளிப்படும்: அழுத்தம் கூடக் கூட அது இன்னும் வேகமாக எரியும். 1884இல் முதல் வெற்றிகரமான புகையில்லாப் பவுடரை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய், எரியும் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான உறவைச் சமன்பாடாகவும் வகுத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அழுத்தம் எரிதலைத் தூண்ட, எரிதல் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிற இந்தச் சுழற்சியை அடக்கிவைப்பது ஒன்றே ஒன்றுதான்: குண்டு முன்னால் நகர்ந்து, வாயுவுக்கு இடம் விடுவது.

லேசான குண்டு சட்டென்று நகர்ந்துவிடும். அது நகர நகர, பின்னால் வாயு நிறைய வேண்டிய இடம் பெருகுகிறது. அதனால் அழுத்தம் ஏறுவது தணிகிறது. கனமான குண்டோ தயங்கித் தயங்கி நகர்வதால், அதே அளவு பவுடர் சிறிய இடத்துக்குள்ளேயே எரிந்து அழுத்தத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோகிறது. ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தாங்கத்தக்க உச்ச அழுத்தம் என்று ஒன்று உண்டு. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்துள்ள வரம்புப்படி, அது 9 எம்எம் லூகருக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .45 ஏசிபிக்கு 21,000 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000 பவுண்டு. லேசான குண்டில் அந்த வரம்பைத் தொடுவதற்கு முன் கூடுதல் பவுடரை எரிக்க முடிகிறது, கனமான குண்டில் முடிவதில்லை. பட்டியலில் கண்ட முரணுக்கு விளக்கம் இவ்வளவுதான்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 115 கிரெயின் குண்டுக்கு உரிய உச்ச அளவை எடுத்து 147 கிரெயின் குண்டுக்குப் பின்னால் இட்டால், துப்பாக்கியே உடையும் அளவுக்கு அழுத்தம் போகலாம். எடை மாறினால் பட்டியலில் அந்த எடைக்கு உரிய வரிக்குப் போய்த் தொடக்க அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டு எடைகளின் அளவுகளுக்கு நடுவே இருப்பதைத் தோராயமாகக் கணக்கிட்டு இடுவதும், இன்னொருவர் சொன்ன அளவைக் காதால் கேட்டு இடுவதும் கூடாது.

பவுடரின் வேகம்

கைத்துப்பாக்கிப் பவுடர்களை வேகமானவை, நடுத்தரம், மெதுவானவை என்று மூன்று பெரும் பிரிவுகளாகப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து விற்பனையில் இருந்துவரும் புல்ஸ்ஐ, ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் டைட்குரூப் ஆகியவை வேகமானவை. எச்பி-38, யுனிக் போன்றவை நடுவில் வரும். எச்எஸ்-6 அதைவிட மெதுவானது. 2400, எச்110 ஆகியவை இன்னும் மெதுவாக எரிந்து .357 மேக்னம், .44 மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்களில் கனமான குண்டுகளுடன் சிறப்பாக வேலை செய்யும். வேகம் என்பது பவுடர் எரியும் வேகமே. குண்டு பறக்கும் வேகம் அன்று. உண்மையில் உச்ச வேகத்தில் குண்டைச் செலுத்த வேண்டுமானால் சற்று மெதுவான பவுடர்தான் பெரும்பாலும் உதவும், ஏனென்றால் அது அழுத்தத்தை ஒரே கணத்தில் கொட்டிவிடாமல் குண்டு குழலில் ஓடும் தூரம் முழுவதும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இந்த வேக வேறுபாடு பவுடரின் வேதியியலிலிருந்தும் உருவத்திலிருந்தும் வருகிறது. சில பவுடர்கள் நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் கொண்டவை. சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும், அவை சூடாக எரியும். மணி, செதில், குச்சி என்ற உருவ வேறுபாட்டால் எரியும் மேற்பரப்பு மாறும். எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சும் சிலவற்றின் மேல் இருக்கும். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கும் மேலாகப் படைத்துறைக்குச் செய்துவருவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான் என்பதை நம் வாசகர்களுக்காக இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன்.

எல்லாப் பவுடர்களையும் எரியும் வேகத்தின்படி வரிசைப்படுத்திய அட்டவணைகள் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பவுடர் 20ஆம் இடத்திலும் இன்னொன்று 21ஆம் இடத்திலும் இருப்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று முடிவு கட்டுவது மிகத் தவறானது. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை அந்த வரிசை சொல்லாது; அழுத்தம் மாறும்போது இரண்டின் நடத்தையும் ஒரே மாதிரி மாறும் என்பதற்கும் உறுதியில்லை. எந்தப் பவுடரைப் பற்றிப் படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அந்த அட்டவணை உதவும். எவ்வளவு இடலாம் என்பதற்கு அது வழிகாட்டி ஆகாது.

நோக்கமே பவுடரைத் தீர்மானிக்கும்

லேசான குண்டை நாடுபவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக நாடுவதில்லை. சிலருக்கு வேண்டியது மென்மையான உதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது குறைவாக இருப்பது: புதிதாகச் சுடப் பழகுபவர், மணிக்கட்டு வலி உள்ளவர், 25 கெஜத்திலும் 50 கெஜத்திலும் காகித இலக்கை ஒரு கையால் நிதானமாகச் சுடும் துல்லியப் போட்டியாளர் போன்றவர்கள் இவர்கள். வேறு சிலருக்கு அந்தத் தோட்டா தரக்கூடிய முழு வேகமும் தட்டையான பாதையும் வேண்டும். இந்த இரண்டு தரப்பினரும் ஒரே 115 கிரெயின் குண்டை வாங்கலாம், ஆனால் ஒரே பவுடரை வாங்கக் கூடாது. தொடக்கநிலையினர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து: குண்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு நல்ல பவுடர் எது என்று கேட்கிறார்கள். எந்த வேகத்தில், எந்த வேலைக்கு என்று தீர்மானிக்காத வரையில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

மென்மையான தோட்டா வேண்டுமென்றால் வேகமான பவுடரே பொருந்தும். காரணம் எளிது. லேசான குண்டை மெதுவாகச் செலுத்தும்போது உள்ளே அழுத்தம் குறைவாகவே இருக்கும். மெதுவான பவுடர் அந்தக் குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காக எரியாது. குண்டு குழலை விட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆவதில்லை, அதற்குள் எரிந்து முடியாத பவுடர் குழலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத் துகள்களாகத் தங்கிவிடும், துப்பாக்கியின் இடுக்குகளில் புகுந்து அடைக்கும். அதைவிடப் பெரிய கேடு, ஒரு சுடுதலுக்கும் அடுத்த சுடுதலுக்கும் இடையே வேகம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்குவது. வேகமான பவுடரோ குறைந்த அழுத்தத்திலும் முழுமையாக எரிந்துவிடும், அளவும் குறைவாகவே போதும்; ஒரு பவுண்டு டப்பா நெடுநாள் வரும்.

முழு வேகம் வேண்டுவோர் வேகமான பவுடரை எடுத்தால் சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்வார்கள். அவர்கள் எதிர்பார்க்கும் வேகத்தை எட்டுவதற்கு முன்பே அழுத்தம் வரம்பைத் தொட்டுவிடும். அந்த நிலைக்கு அருகில் வேகமான பவுடரின் அளவில் கிரெயினில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் அழுத்தம் கணிசமாக எகிறும். எடைத் தராசின் சிறு பிழையைக்கூட அது மன்னிக்காது. 9 எம்எம்மில் 115 கிரெயின் குண்டை இயல்பான தொழிற்சாலைத் தோட்டாவின் வேகத்துக்கு நெருக்கமாகச் செலுத்த விரும்புவோர் நடுத்தரப் பவுடர்களையோ சற்று மெதுவானவற்றையோ நாடுவது இதனால்தான்.

மூன்றாவதாக ஒரு தரப்பும் உண்டு, அவர்களின் கணக்கைப் பார்த்தால் இந்தத் தத்துவம் முழுமையாக விளங்கும். அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிச் சுடுதல் அமைப்பின் போட்டிகளில் தோட்டாவின் வலிமையைப் பவர் ஃபேக்டர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். மைனர் தகுதிக்குக் குறைந்தது 125, மேஜர் தகுதிக்குக் குறைந்தது 165. 115 கிரெயின் குண்டு விநாடிக்கு 1100 அடி வேகத்தில் சென்றால் 126.5. 147 கிரெயின் குண்டு 860 அடி வேகத்திலேயே 126.4ஐ எட்டிவிடும். இரண்டும் விதிப்படி சமம். கையில் உணரும் உதைப்பு சமமில்லை. பவுடரும் எடையுள்ள பொருளே, எரிந்து வாயுவானாலும் அதன் எடை எங்கும் போவதில்லை. அந்த வாயு குண்டைக் காட்டிலும் வேகமாகக் குழல்வாயிலிருந்து பீறிட்டு வெளியேறி, துப்பாக்கியைத் தன் பங்குக்குப் பின்னால் தள்ளுகிறது. லேசான குண்டுக்குக் கூடுதல் பவுடர் வேண்டும் என்று முன்பே பார்த்தோம். ஆகையால் ஒரே பவர் ஃபேக்டரில் லேசான குண்டின் உதைப்பு கூர்மையாகவும், கனமான குண்டின் உதைப்பு மெதுவாகத் தள்ளுவது போலவும் இருக்கும். மைனர் தகுதிக்குச் சுடும் பலர் வேகமான பவுடரையும் 147 கிரெயின் குண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது இதை உணர்ந்துதான். லேசான குண்டு என்றாலே உதைப்பு குறைவு என்ற நம்பிக்கை, வேகத்தையும் சேர்த்துக் குறைக்கிறவருக்கு மட்டுமே உண்மையாகும்.

துப்பாக்கியில் கூடுதல் மாற்றங்களை அனுமதிக்கும் ஓப்பன் பிரிவில் சுடுபவர்களோ இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அவர்களின் துப்பாக்கிக் குழல்வாயில் காம்பென்சேட்டர் என்ற துளைகள் கொண்ட பகுதி இருக்கும். வாயு அதன் வழியே மேல்நோக்கிப் பாயும்போது குழல்வாய் எழும்பாமல் அழுந்தும். அது வேலை செய்ய நிறைய வாயு வேண்டும். ஆகவே லேசான குண்டு, மெதுவான பவுடர், அதிக அளவு என்ற சேர்க்கையையே விரும்பித் தேடுகிறார்கள். 115 கிரெயின் குண்டைக் கொண்டு 165ஐத் தொட விநாடிக்கு ஏறத்தாழ 1435 அடி வேகம் வேண்டும். 9 எம்எம் கூட்டில் அந்த வேகம் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வரம்பைத் தாண்டிய உலகம். அதற்கென்றே கட்டிய துப்பாக்கியும் நீண்ட அனுபவமும் இல்லாதவர் அதன் பக்கமே போகக் கூடாது.

கூட்டின் இடமும் பவுடரின் பருமனும்

பவுடரின் வேகத்துக்கு அடுத்தபடியாக நான் முக்கியமாகக் கருதுவது, அது கூட்டுக்குள் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பதை. .38 ஸ்பெஷல் தோட்டா 1898 வாக்கில் பிறந்தபோது, புகையில்லாப் பவுடருக்கு முந்திய பழைய வெடிமருந்தான கரும்பொடிக்காகவே வடிவமைக்கப்பட்டது. கரும்பொடிக்கு நிறைய இடம் வேண்டும் என்பதால் அதன் கூடு 1.155 அங்குல நீளம் கொண்டது. அழுத்த வரம்பு அதைப் போல இருமடங்குள்ள 9 எம்எம் கூட்டின் நீளமோ 0.754 அங்குலம்தான். அந்த நீண்ட கூட்டுக்குள் இன்று வேகமான புகையில்லாப் பவுடரைச் சில கிரெயின் இட்டுவிட்டு, மேசை விளக்கின் கீழே எட்டிப் பாருங்கள். கிணற்றின் அடியில் தெரியும் நீரைப் போலப் பவுடர் கீழே மெல்லியதாகப் படர்ந்திருக்கும், மேலே முக்கால் பங்குக்கு வெறும் பித்தளைச் சுவர்தான் தெரியும். தவறுதலாக இன்னொரு முறை அதே அளவை இட்டுவிட்டாலும் கூடு நிரம்பி வழியாது. மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. அந்த இரட்டை அளவு ஒரே ஒரு தோட்டாவில் இருந்தால் போதும், ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் பிளந்துவிடக்கூடும்.

ஆகவே தொடக்கநிலையினருக்கு, கூட்டில் அதிக இடத்தை நிரப்பும் பருமனான பவுடர் இந்த ஒரு வகையில் பாதுகாப்பானது. யுனிக் போன்ற செதில் பவுடர்கள் அதே வேலைக்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை இட்டால் சிறிய கூடுகளில் வழிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், .38 போன்ற நீண்ட கூட்டில் வழியும் என்று நம்பியிருக்கக் கூடாது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பவுடர் அளவிடும் கருவி எடையை அளப்பதில்லை, கனஅளவையே அளக்கிறது. மணி உருவப் பவுடர்கள் அதில் நீர்போல ஓடி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே எடையில் விழும். பெரிய செதில்கள் சில நேரம் ஒன்றோடொன்று சிக்கி, ஒரு கூட்டில் குறைந்தும் அடுத்த கூட்டில் கூடியும் விழும். அதற்காக எடையைச் சரிபார்க்கும் வேலை கூடினால் கூடட்டும், அது பொறுத்துக்கொள்ளத்தக்க தொந்தரவே.

கூட்டில் வெற்றிடம் மிகுந்திருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. துப்பாக்கியை மேல்நோக்கிச் சாய்த்துப் பின் கிடையாக்கிச் சுட்டால் பவுடர் பிரைமரின் பக்கம் குவிந்திருக்கும். கீழ்நோக்கிச் சாய்த்துப் பின் சுட்டால் குண்டின் பக்கம் போயிருக்கும். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கருவிக்கு முன்னால் இரண்டு விதமாகவும் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தால், சில பவுடர்களில் இரண்டு வரிசை எண்களும் தெளிவாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். டைட்குரூப் இந்த நிலைவேறுபாட்டால் அதிகம் பாதிக்கப்படாதது என்றே ஹாட்ஜ்டன் அதை விளம்பரப்படுத்துகிறது. ஆனால் அதுதான் மிகக் குறைந்த இடத்தை அடைக்கும் பவுடர்களில் ஒன்று. ஒரு குணத்துக்காக எடுத்தால் இன்னொரு குறையை ஏற்க வேண்டியிருக்கிறது.

9 எம்எம்மின் சிறிய கூட்டில் சிக்கல் வேறு வகையானது. அங்கே இடமே குறைவு என்பதால், குண்டை எவ்வளவு ஆழத்தில் செருகுகிறோம் என்பது அழுத்தத்தைப் பெரிதும் மாற்றும். பட்டியலில் பவுடர் அளவுக்குப் பக்கத்தில் தோட்டாவின் மொத்த நீளமும் தரப்பட்டிருப்பது அலங்காரத்துக்காக இல்லை. அதைவிடக் குட்டையாக முடித்தால் பவுடருக்கு இருக்கும் இடம் சுருங்கி அழுத்தம் விரைந்து ஏறும்.

குண்டின் உடம்பு

எடை ஒன்றாக இருப்பதால் குண்டும் ஒன்றாகிவிடாது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே முழுச் செம்பால் ஆன 115 கிரெயின் குண்டு, ஈய உள்ளீடு கொண்ட 115 கிரெயின் குண்டைவிட நீளமாக இருக்கும். அந்தக் கூடுதல் நீளம் கூட்டுக்குள்தான் இறங்கும். ஈய உள்ளீட்டுக் குண்டுக்கு வெளியான அளவைச் செம்புக் குண்டுக்கு இடுவது, எடை பொருந்தினாலும், தவறு. சுவரில் பட்டுத் தூளாகும் ஈயமற்ற பயிற்சிக் குண்டுகளுக்கும் இது பொருந்தும். அவை 100 கிரெயின் மட்டுமே இருந்தாலும் உடல் நீளத்தில் கனமான குண்டுகளுக்கு ஈடாக நிற்கும்.

மேற்பரப்பும் கணக்கில் வரும். செம்பு உறை போட்ட குண்டு, குழலின் உள்ளே உள்ள சுருள்வரிகளில் கடினமாக உராய்ந்து செல்லும். அதை மிகக் குறைந்த அளவுப் பவுடரால் தள்ளினால் குழலின் நடுவிலேயே நின்றுவிடக்கூடும். வழக்கமான ஓசைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். குண்டு சிக்கிய குழலில் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். மிக மென்மையான தோட்டாக்களுக்கு வார்ப்பு ஈயக் குண்டுகளையோ பாலிமர் பூச்சுள்ளவற்றையோ பலர் தேர்வது, அவை குறைந்த அழுத்தத்திலும் வழுக்கிச் சென்றுவிடும் என்பதால்தான். மறுமுனையில், மெல்லிய செம்பு முலாம் மட்டும் பூசிய குண்டுகளுக்கு உச்ச வேக வரம்பு ஒன்றைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். .380 ஏசிபிக்காகச் செய்த 90, 95 கிரெயின் குண்டுகளும் 9 எம்எம் குண்டுகளும் விட்டத்தில் ஒன்றே. ஆனால் முந்தியவை குறைந்த வேகத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. 9 எம்எம்மில் அவற்றை விரட்டுவதற்கு முன் அந்தக் குண்டைச் செய்தவர் 9 எம்எம்முக்கு அளவு வெளியிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

துப்பாக்கி என்ன சொல்கிறது

ரிவால்வரில் சிலிண்டரைக் கை விரல் சுழற்றுகிறது. எவ்வளவு மென்மையான தோட்டாவும் அதில் அடுத்ததற்கு வழிவிடும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் உதைப்பே, முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னால் தள்ளி, பழைய கூட்டை வெளியேற்றி, புதியதை ஏற்ற வேண்டும். லேசான குண்டை மெதுவாகச் செலுத்தினால் ஸ்லைடு முழுத் தூரமும் போகாமல் பாதியில் திரும்பிக் கூடு சிக்கிக்கொள்ளும். .45இல் 185 கிரெயின் குண்டைக் கொண்டு இலக்குப் போட்டியில் சுடுபவர்கள், 1911 வகைத் துப்பாக்கியின் வழக்கமான 16 பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதைவிட வலுக்குறைந்ததைப் பொருத்துவது இதற்காகவே. அந்த ஸ்பிரிங்கோடு பிறகு முழு வலிமைத் தோட்டாவைச் சுட்டால் ஸ்லைடு துப்பாக்கியின் சட்டகத்தில் ஓங்கி மோதும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இலக்கில் படும் இடமும் மாறும். சுடும் கணத்திலிருந்தே குழல்வாய் மேலே எழும்பத் தொடங்கிவிடுகிறது. விரைவாகச் செல்லும் லேசான குண்டு, குழல்வாய் அதிகம் எழும்புவதற்கு முன்பே வெளியேறிவிடுவதால் இலக்கில் தாழ்வாகப் படும். கனமான, மெதுவான குண்டு உயரப் படும். 158 கிரெயினுக்கு ஏற்றபடி குறிபார்க்கும் முனைகளை நிலையாகப் பொருத்திய .38 ரிவால்வரில் 110 கிரெயின் குண்டு சுட்டுப் பார்ப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். கையைக் குறை சொல்வதற்கு முன் குண்டின் எடையைப் பார்க்கலாம்.

முதல் டப்பாவாக எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், எச்பி-38 வகையான நடுத்தர, மணி உருவப் பவுடர் ஒன்றைச் சொல்வேன். 9 எம்எம், .38 ஸ்பெஷல், .45 ஏசிபி மூன்றுக்கும், அவற்றின் லேசான குண்டுகள் பலவற்றுக்கும் அதற்கு வெளியிட்ட அளவுகள் உண்டு. அளவுக் கருவியில் சீராக விழும். உச்ச வேகத்தையோ மிக மென்மையையோ தராவிட்டாலும், இரண்டுக்கும் நடுவே கற்றுக்கொள்ளத் தேவையான அகலம் அதில் இருக்கிறது. யுனிக் அளவுக்கு அது கூட்டில் இடத்தை அடைக்காது என்பதால், .38இல் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் பார்த்த பிறகே குண்டைச் செருக வேண்டும். இதே பவுடர் வின்செஸ்டர் 231 என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. மாறாக, எச்110ஐ மென்மையான தோட்டாவுக்காக வாங்கவே கூடாது. வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கும் பவுடர் அது, குறைத்தால் எரிதல் தடைப்பட்டுக் குண்டு குழலில் நின்றுவிடலாம்.

பவுடரையும் குண்டையும் தேர்ந்த பிறகு தொடக்க அளவில் ஒரு சிறு தொகுதியை மட்டும் நிரப்பி, குரோனோகிராஃபில் வேகத்தையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் குறித்துக்கொண்டு, கூடுகளையும் பிரைமர்களையும் ஆராய்ந்த பின்பே சிறிது சிறிதாக அளவைக் கூட்ட வேண்டும். தேவையான வேகமும் ஸ்லைடின் ஒழுங்கான இயக்கமும் கிடைத்துவிட்டால், உச்ச அளவுக்கு இன்னும் இடமிருந்தாலும் அங்கேயே நிற்கலாம். பிரைமரின் வகையையோ கூட்டின் தயாரிப்பையோ குண்டின் வடிவத்தையோ மாற்றினால் மறுபடியும் தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும். வேலை நடக்கும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும். நிரப்பி முடித்ததும் கருவியில் மிஞ்சிய பவுடரை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டு, தோட்டாப் பெட்டியின் மேல் பவுடரின் பெயர், அளவு, குண்டின் எடை, மொத்த நீளம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டிய பிறகே அடுத்த பவுடரைத் திறக்க வேண்டும்.